லைசென்ஸ் யார் பெயரில்? பாலியல் தொழிலை ஒழுங்குபடுத்திய நான்கு நாடுகள்

பாலியல் தொழிலைச் சட்டம் அனுமதிக்கலாமா கூடாதா என்ற வாதம் எல்லா ஊரிலும் நடக்கிறது. அனுமதிப்பது என்று முடிவெடுத்த பிறகு என்ன செய்வது என்பதைப் பற்றித் தமிழில் அதிகம் எழுதப்படவில்லை. முடிவெடுத்த மறுநாளே அரசின் மேசைக்கு ஒரு கேள்வி வந்துவிடும்: லைசென்ஸை யார் பெயரில் கொடுப்பது? தொழில் செய்யும் பெண்ணுக்கா, அறைக்கா, முதலாளிக்கா, தொழில் நடக்கும் விடுதியை நிர்வகிப்பவருக்கா? ஜெர்மனி, நெதர்லாந்து, பெல்ஜியம், நியூசிலாந்து நான்கும் இதற்கு நான்கு விதமாகப் பதில் சொல்லியிருக்கின்றன. வாடிக்கையாளரை மட்டும் தண்டிக்கும் ஸ்வீடன் வழியை இங்கே சேர்க்கவில்லை. அங்கே வாங்குவதே 1999 முதல் குற்றம் என்பதால் லைசென்ஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெண்ணின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றாத சட்டமே நல்ல சட்டம். நாலைந்து பேரை வைத்து நடத்தி லாபம் பார்ப்பவர் மீதுதான் கட்டுப்பாடு விழ வேண்டும். காரணங்களை நாடு வாரியாகப் பார்க்கலாம்.

ஜெர்மனி: பெண்ணின் கையில் அட்டை

2002 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்த முதல் சட்டம் சின்னது. பேசிய பணத்தைத் தராத வாடிக்கையாளர் மீது வழக்குப் போடலாம், மருத்துவக் காப்பீட்டிலும் ஓய்வூதியத் திட்டத்திலும் சேரலாம் என்ற உரிமைகளை அது கொடுத்தது. விடுதி நடத்துபவருக்குத் தனி லைசென்ஸ் எதையும் வைக்கவில்லை. அந்த ஓட்டையில் பெரிய விடுதிகள் வளர்ந்தன. நுழைவுக் கட்டணம் கட்டினால் உள்ளே வரம்பே இல்லை என்று விளம்பரம் செய்த இடங்கள்கூட முளைத்தன. அதைச் சரிசெய்வதாகச் சொல்லி 2017 ஜூலை 1-இல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விடுதிக்கு லைசென்ஸ் வைத்ததோடு நிற்காமல், தொழிலாளிக்கும் கட்டாயப் பதிவை வைத்தது அந்தச் சட்டம்.

பதிவு இப்படி நடக்கும். முதலில் பொதுச் சுகாதார அலுவலகத்தில் ஆலோசனை. உடல் பரிசோதனை கிடையாது, பேச்சு மட்டும்தான். அங்கே ஒரு சான்று தருவார்கள். அந்தச் சான்று, இரண்டு புகைப்படம், பாஸ்போர்ட் அல்லது அடையாள அட்டை, எந்தெந்த ஊரில் தொழில் செய்யப்போகிறார் என்ற விவரம் ஆகியவற்றோடு பதிவு அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டும். அதிகாரி தனியே உட்கார வைத்துச் சட்டம், வரி, உதவி எண்கள் பற்றி விளக்குவார். கட்டாயத்தின் பேரில் வந்தவரோ என்ற சந்தேகம் எழுந்தால் பதிவை மறுக்கலாம். இல்லையென்றால் ஐந்து வேலை நாட்களுக்குள் அட்டை வரும். அது இரண்டு வருடம் செல்லும். ஆலோசனைக்கு ஆண்டுக்கு ஒருமுறை போக வேண்டும். 21 வயதுக்குக் கீழே இருந்தால் அட்டை ஒரு வருடம்தான், ஆலோசனை ஆறு மாதத்துக்கு ஒருமுறை. தொழில் செய்யும்போதெல்லாம் அட்டை கையில் இருக்க வேண்டும். இல்லாமல் தொழில் செய்தால் 1,000 யூரோ வரை அபராதம்.

புனைபெயரில் அட்டை கேட்டு வாங்கலாம் என்பது சலுகையாகச் சொல்லப்படுகிறது. ஆனால் உண்மைப் பெயரும் முகவரியும் அலுவலகக் கோப்பில் இருக்கும். தகவல் வரி அலுவலகத்துக்கும் போகும். சின்ன ஊரில் அந்தக் கவுன்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் பிள்ளையின் பள்ளித் தோழியுடைய அம்மாவாக இருக்கலாம். கணவனிடம் குழந்தைக்காக வழக்காடும் பெண்ணுக்கு, வேறு வேலை தேடும் பெண்ணுக்கு, சொந்த நாட்டில் இதே தொழில் குற்றமாக இருக்கும் பெண்ணுக்கு, அந்த ஒரு கோப்பு போதும் வாழ்க்கையைக் கெடுக்க. அதனால் பலர் பதிவுக்கே வருவதில்லை. வராதவர் அந்த நிமிடமே சட்டத்துக்கு வெளியே போய்விடுகிறார். அடித்தாலும் பணம் பிடுங்கினாலும் போலீசிடம் போக முடியாது, ஏனென்றால் முதலில் கேட்கப்படுவது அந்த அட்டை.

2019 கடைசியில் பதிவானவர்கள் சுமார் 40,400 பேர். கொரோனா முடக்கத்துக்குப் பின் 2020 கடைசியில் 24,900. 2023 கடைசியில் 30,600. முடக்கம் விலகிய பிறகும் பழைய எண்ணிக்கை திரும்பவில்லை. இவ்வளவு பேரும் தொழிலை விட்டுவிட்டார்கள் என்று களத்தில் இருக்கும் யாரும் நம்பவில்லை.

கடத்தப்பட்ட பெண்ணைக் கண்டுபிடிக்கத்தானே பதிவு என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். என்ன கேட்பார்கள், என்ன பதில் சொல்ல வேண்டும் என்று புரோக்கர் முன்கூட்டியே சொல்லிக்கொடுத்து அனுப்பிய பெண், ஒருமுறை நடக்கும் அந்தப் பேச்சில், அதுவும் மொழிபெயர்ப்பாளர் வழியாக, வாய் திறப்பாரா? அட்டை கைக்கு வந்ததும் அது கடத்தியவனுக்கே கேடயமாகிறது: பாருங்கள், அரசே பதிவு செய்திருக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே பெண்ணுக்கான கட்டாயப் பதிவை நான் எதிர்க்கிறேன்.

விடுதிக்கு வைத்த விதிகளில் நல்லவை இருக்கின்றன. ஒவ்வொரு அறையிலும் அவசர அழைப்பு மணி, உள்ளிருந்து எப்போதும் திறக்கக்கூடிய கதவு, ஓய்வறை தனி, தொழில் அறையில் இரவு தங்கக் கூடாது, நடத்துபவரின் பின்னணி விசாரணை. ஆணுறை எல்லோருக்கும் கட்டாயம். மீறும் வாடிக்கையாளருக்கு 50,000 யூரோ வரை அபராதம், தொழிலாளிக்கு இல்லை. ஆனால் இதே விதிகள் ஒரு ஃபிளாட்டைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு பெண்களுக்கும் பொருந்தும். ஒருவர் பெயரில் வாடகை, இன்னொருவர் வந்து தொழில் செய்தால் வாடகைக்கு எடுத்தவர் விடுதி உரிமையாளர் ஆகிவிடுகிறார். லைசென்ஸ் கேட்டுப் போனால் குடியிருப்புப் பகுதியில் இந்தத் தொழிலுக்கு இடமில்லை என்று கட்டட விதி குறுக்கே நிற்கும். நூறு அறை விடுதிக்கு வக்கீலும் கட்டடக் கலைஞரும் உண்டு. இரண்டு பெண்களுக்கு இல்லை. தொழில் அறையில் தூங்கக் கூடாது என்ற விதியிலும் இதே கதைதான். ஊர் ஊராகப் போகும் பெண் இப்போது அறை வாடகையோடு ஓட்டல் வாடகையும் கட்டுகிறார்.

இவற்றுக்கு மேலே, தொழில் செய்யவே கூடாது என்று மாநில அரசுகள் வரையும் தடைப் பகுதிகள். 50,000 மக்கள்தொகை வரையுள்ள ஊர்களில் தொழிலை முழுவதும் தடை செய்யவும் வழி உண்டு. தடைப் பகுதியில் திரும்பத் திரும்பப் பிடிபட்டால் அபராதம் போய் குற்ற வழக்கு வரும்.

2017-இல் ஃபிராங்க்ஃபர்ட்டின் டோனா கார்மென் அமைப்பு இந்தச் சட்டத்தை எதிர்த்து அரசமைப்பு நீதிமன்றம் வரை போனது. மனு விசாரணைக்கு ஏற்கப்படவில்லை. 2020 ஜூலையில் ஹாம்பர்க்கின் ஹெர்பர்ட் தெருவில் நடந்த போராட்டம் பதிவை எதிர்த்து நடந்ததல்ல. சலூனும் உணவகமும் திறந்துவிட்டன, எங்களுக்கு மட்டும் ஏன் பூட்டு என்பதுதான் அங்கே கேள்வி. லைசென்ஸ் வாங்கி, வரி கட்டி, எல்லாம் முறையாகச் செய்தவர்கள்தான் அங்கே நின்றார்கள். அட்டை இருந்தும் மற்றத் தொழில்களோடு சமமாக நடத்தப்படவில்லை என்பதை அந்த இரவு காட்டியது.

நெதர்லாந்து: ஜன்னலுக்கு லைசென்ஸ்

விடுதித் தடை 2000 அக்டோபர் 1-இல் நீக்கப்பட்டது. லைசென்ஸ் அதிகாரம் நகராட்சிகளிடம் போனது. ஆம்ஸ்டர்டாமின் டெ வாலன் பகுதியில், தெருவைப் பார்த்த கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் பெண் வாடிக்கையாளருக்காகக் காத்திருக்கும் அறைகள் உண்டு. லைசென்ஸ் அந்த ஜன்னல் அறைக்கு. அறையின் உரிமையாளர் அதை ஷிஃப்ட் கணக்கில் வாடகைக்கு விடுகிறார். பெண் சுயதொழில் செய்பவர். வாடிக்கையாளர் வந்தாலும் வராவிட்டாலும் வாடகை கட்ட வேண்டும். பாதுகாப்பு என்று பார்த்தால் ஜன்னல் நல்ல ஏற்பாடு: ஆளைப் பார்த்து, பேசி, வேண்டாம் என்றால் கதவைத் திறக்காமலே இருந்துவிடலாம். அடுத்த ஜன்னலில் தோழி இருக்கிறார், அறையில் மணி இருக்கிறது, வெளியே தெரு நிறைய ஆட்கள்.

சிக்கல் என்னவென்றால், லைசென்ஸ் இடத்துக்கு என்றால் இடத்தைக் குறைத்தே தொழிலாளியை வெளியேற்றிவிடலாம். 2007-இல் நகராட்சி தொடங்கிய 1012 திட்டம் (அந்தப் பகுதியின் அஞ்சல் எண் அது) குற்றக் கும்பல்களை ஒழிப்பதாகச் சொல்லி நூற்றுக்கும் மேற்பட்ட ஜன்னல்களை மூடியது. மூடிய இடங்களில் கடைகளும் கலைக்கூடங்களும் வந்தன. 2015 ஏப்ரலில் தொழிலாளிகள் நகராட்சி அலுவலகத்துக்கு ஊர்வலம் போனார்கள். ஜன்னல் குறையக் குறைய மீதி ஜன்னலுக்குப் போட்டி கூடும், உரிமையாளரிடம் பேரம் பேசும் பலம் போகும், இடம் கிடைக்காதவர் லைசென்ஸ் இல்லாத வீடுகளுக்குப் போவார் என்று அவர்கள் சொன்னது எளிய பொருளாதாரம். நகராட்சி பதிலுக்கு ஒரு நல்ல காரியம் செய்தது: தொழிலாளிகளே நடத்த 14 ஜன்னல்கள் கொண்ட அமைப்பு ஒன்று 2017-இல் தொடங்க உதவியது. நல்ல முயற்சி, ஆனால் மூடியதற்கு ஈடாகாது.

பிறகு மேயர் ஃபெம்கே ஹால்செமாவின் திட்டம் வந்தது. மையப் பகுதி ஜன்னல்களில் ஒரு பகுதியை மூடி, நகரின் வேறு பக்கத்தில் 100 அறைகள் கொண்ட ஒரு பெரிய வளாகம். சுற்றுலாக் கூட்டத்தின் கூச்சல், கைபேசியில் படம் எடுப்பது ஆகியவற்றிலிருந்து பெண்களைக் காப்பது இதன் நோக்கம் என்றார்கள். 2023 மார்ச் கடைசியில் பெண்கள் முகமூடி அணிந்து ஊர்வலம் வந்தார்கள். அதே வாரம் ஜன்னல்களை மூடும் நேரமும் காலை 6 மணியிலிருந்து 3 மணிக்கு வரவிருந்தது. வேடிக்கை பார்க்க வரும் கூட்டம் கலைந்த பிறகுதான் காசு கொடுக்கும் வாடிக்கையாளர் வருகிறார், அந்த மூன்று மணி நேரம்தான் வருமானம் என்பது அவர்கள் கணக்கு. கூட்டத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்றால் கூட்டத்தைக் கட்டுப்படுத்துங்கள், எங்களை ஏன் இடம் மாற்றுகிறீர்கள் என்றார்கள். அதில் நியாயம் இருக்கிறது. வளாகத்துக்கு இடமாக 2023 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட தெற்குப் பகுதியிலோ, அக்கம்பக்கத்தாரும் எதிர்த்தார்கள், அருகில் உள்ள ஐரோப்பிய மருந்து முகமையும் எதிர்த்தது.

பெண்ணுக்குத் தனி லைசென்ஸும் தேசியப் பதிவேடும் கேட்ட மசோதா ஒன்று 2021-இல் நாடாளுமன்றத்துக்கு வந்தது. தொழிலாளர் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. மசோதா வருடக்கணக்கில் நகரவில்லை.

பெல்ஜியம்: முதலாளிக்கு அங்கீகாரம், பெண்ணுக்கு ஒப்பந்தம்

நான்கில் இளையது இது. 2022 ஜூன் 1-இல் தொழிலாளிக்கு வீடு வாடகைக்கு விடுபவர், கணக்கு எழுதுபவர், வங்கி ஆகியோர் மேல் இருந்த குற்றப் பிரிவு நீங்கியது. கொரோனாக் காலத்தில் உதவித்தொகை எதுவும் கிடைக்காமல் நின்ற தொழிலாளிகளும் அவர்களுடைய உட்சோபி சங்கமும் விடாமல் கேட்டதில், 2024 மே 3-இல் வேலை ஒப்பந்தச் சட்டம் நிறைவேறி டிசம்பர் 1 முதல் அமலானது.

விரும்பினால் தொழிலாளர் ஒப்பந்தத்தில் வேலை செய்யலாம். மருத்துவ விடுப்பு, மகப்பேறு விடுப்பு, ஓய்வூதியம், வேலையின்மைப் படி எல்லாம் உண்டு. ஒப்பந்தம் இருந்தாலும் வாடிக்கையாளரை மறுக்கலாம், குறிப்பிட்ட செயலை மறுக்கலாம், பாதியில் நிறுத்தலாம். இதற்காக வேலையை விட்டு நீக்க முடியாது. முன்னறிவிப்பு இல்லாமல் வேலையை விடலாம், அப்போதும் வேலையின்மைப் படி போகாது. முதலாளி அரசு அங்கீகாரம் பெற்ற நிறுவனமாக இருக்க வேண்டும். பாலியல் குற்றம், ஆட்கடத்தல் தண்டனை பெற்றவர் நடத்த முடியாது. அறைக்கு அறை அவசரப் பொத்தான்.

வாதத்துக்குரிய பிரிவு ஒன்று இருக்கிறது. ஆறு மாதத்தில் பத்து முறைக்கு மேல் மறுத்தால் முதலாளியோ தொழிலாளியோ அரசின் சமரச அதிகாரியை அழைக்கலாம். தொழிலாளியும் அழைக்கலாம் என்பது உண்மை. ஆனால் மறுப்பை எண்ணுகிற முதலாளியின் கீழ் வேலை செய்யும் பெண், ஏழாவது எட்டாவது முறை யோசிப்பார். அந்த எண்ணிக்கையே சட்டத்தில் இருந்திருக்கக் கூடாது. வீட்டிலிருந்து சுயமாகத் தொழில் செய்பவருக்கு இந்தச் சட்டத்தின் பலன்கள் எட்டவில்லை என்பது அடுத்த குறை. இருந்தும், சட்டத்தின் சுமை முழுவதும் முதலாளி தோளில் விழுவது எனக்குப் பிடித்திருக்கிறது.

நியூசிலாந்து: நான்கு பேர் வரை யாருக்கும் வேண்டாம்

பாலியல் தொழிலுக்குத் திரையாக இருந்த மசாஜ் பார்லர்களுக்கான 1978 சட்டத்தில் ஊழியர் பெயர்கள் பதிவாகி, அந்த விவரம் போலீசுக்கும் போய்ச் சேர்ந்த அனுபவம் இந்த நாட்டுக்கு உண்டு. பார்லரில் ஆணுறை கிடைத்தால் அதுவே வழக்கில் சாட்சியம். 1987-இல் தொடங்கிய பாலியல் தொழிலாளர் கூட்டமைப்பு, கேத்தரின் ஹீலி முன்னணியில், 16 வருடம் அரசியல்வாதிகளிடம் பேசிப் பேசி வென்ற சட்டம் 2003 ஜூன் 25-இல் 60-க்கு 59 என்ற வாக்கில் நிறைவேறியது. ஒருவர் வாக்களிக்கவில்லை.

தொழிலாளிக்குப் பதிவு இல்லை. விடுதி நடத்துபவர் மட்டும் மாவட்ட நீதிமன்றப் பதிவாளரிடம் சான்றிதழ் வாங்கி ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். போலீசுக்கு அதில் வேலை இல்லை. நான்கு பேர் வரை, அவரவர் வருமானம் அவரவர் கையில் என்று சேர்ந்து தொழில் செய்தால் அந்தச் சான்றிதழ்கூட வேண்டாம். எனக்கு இந்தச் சட்டத்தின் உயிர்நாடி இந்த வரிதான். தனியாக இருக்கும் பெண்ணைத்தான் வாடிக்கையாளர் அடிக்கிறார். பக்கத்து அறையில் இன்னொருத்தி இருக்கிறாள் என்று தெரிந்தாலே பாதி ஆபத்து குறையும். அந்த இன்னொருத்தியைச் சட்டமே அனுமதிக்கும்போது புரோக்கருக்குத் தேவை குறைகிறது.

மறுக்கும் உரிமைக்கு எண்ணிக்கை கிடையாது. ஒப்பந்தம் இருந்தாலும் எந்த நேரத்திலும் மறுக்கலாம். வற்புறுத்தினால் 14 வருடம் வரை சிறை. சட்டம் ஏட்டில் மட்டும் இல்லை என்பதற்குச் சான்று 2014-இல் வந்தது: விடுதி நடத்துபவர் பாலியல் தொல்லை கொடுத்ததாகத் தொழிலாளி ஒருவர் தொடுத்த வழக்கில் மனித உரிமைத் தீர்ப்பாயம் 25,000 நியூசிலாந்து டாலர் இழப்பீடு தரச் சொன்னது. பாலியல் தொழில் செய்பவருக்குப் பாலியல் தொல்லையா என்று சிரிக்கும் உலகத்தில் அந்தத் தீர்ப்பு பெரிய விஷயம். ஐந்து வருடம் கழித்து சட்டத்தை மறுஆய்வு செய்த 11 பேர் குழுவில் மூவர் தொழிலாளர் கூட்டமைப்பு பரிந்துரைத்தவர்கள். சட்டத்தால் தொழிலில் இருப்பவர்கள் எண்ணிக்கை கூடியதற்குச் சான்றில்லை என்றது 2008-இல் வந்த அந்த அறிக்கை.

குறைகள் இரண்டு. இடத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம் நகராட்சிகளிடம் இருந்ததால் சில ஊர்கள் விடுதிகளை நகர மையத்துக்குள் மட்டும் அடைக்கப் பார்த்தன. கிறைஸ்ட்சர்ச், ஆக்லாந்து விதிகள் நீதிமன்றம் போய் அடிபட்டன. இரண்டாவது பெரிது: 19-ஆம் பிரிவின்படி தற்காலிக விசாவில் இருப்பவர் இந்தத் தொழில் செய்யக் கூடாது. ஆட்கடத்தலைத் தடுக்க வைத்த பிரிவு. நடப்பில், மாணவர் விசாவில் இருக்கும் பெண்ணிடம், போலீசுக்குப் போனால் உன்னைத்தான் நாடு கடத்துவார்கள் என்று மிரட்ட அது உதவுகிறது. அதை நீக்கச் சொல்லி அந்தக் கூட்டமைப்பு இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் இரண்டு மாநிலங்கள் இந்த ஒப்பீட்டை இன்னும் தெளிவாக்குகின்றன. விக்டோரியாவும் குயின்ஸ்லாந்தும் பல வருடம் லைசென்ஸ் முறையை நடத்திப் பார்த்துவிட்டுக் கைவிட்டன. குயின்ஸ்லாந்தில் லைசென்ஸ் வாங்கிய விடுதிகள் சுமார் 20; தொழிலின் பெரும்பகுதி அவற்றுக்கு வெளியே நடந்தது, இரண்டு பெண்கள் ஒரே வீட்டில் சேர்ந்து தொழில் செய்வதும் குற்றமாக இருந்தது. விக்டோரியா 2023 டிசம்பரிலும் குயின்ஸ்லாந்து 2024 ஆகஸ்டிலும் நியூசிலாந்து பக்கம் வந்துவிட்டன.

கட்டாயப் பரிசோதனை பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவின் நெவாடா விடுதிகளில் வாரம் ஒருமுறை கோனோரியா, கிளமிடியா, மாதம் ஒருமுறை எச்.ஐ.வி., சிஃபிலிஸ் பரிசோதனை. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் தொற்றின் ஆரம்ப நாட்களில் பரிசோதனை காட்டாது. ‘உனக்குத்தான் சான்று இருக்கிறதே’ என்று ஆணுறை வேண்டாம் என்பார் வாடிக்கையாளர். அவரை யாரும் பரிசோதிப்பதும் இல்லை. ஜெர்மனி இந்த முறையை 2001-இலேயே விட்டது.

இந்தியாவுக்கு எது பொருந்தும்?

நம் விபசாரத் தடுப்புச் சட்டம் (1956) தொழில் செய்யும் பெண்ணைக் குற்றவாளி என்று நேரடியாகச் சொல்லவில்லை. விடுதி நடத்துவது, தெருவில் அழைப்பது, பொது இடத்திலிருந்து 200 மீட்டருக்குள் தொழில் செய்வது, தொழிலாளியின் வருமானத்தில் வாழ்வது ஆகியவை குற்றம். கடைசிப் பிரிவின்படி அம்மாவின் வருமானத்தில் கல்லூரிக்குப் போகும் 18 வயது தாண்டிய மகன்மேலும் கேஸ் போடலாம்.

பெயரை ஏற்றாமல் உரிமை தருவது எப்படி என்பதற்கு இங்கேயே முன்மாதிரி உண்டு. 2020 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு அடையாளம் காட்டும் தொழிலாளிகளுக்கு ஆவணம் கேட்காமல் ரேஷன் கொடுக்கச் சொன்னது. 2022 மே 19 உத்தரவில் அதே அமைப்பின் சான்றை வைத்து, முகவரிச் சான்று கேட்காமல் ஆதார் தரச் சொன்னதோடு, அட்டைதாரர் பாலியல் தொழிலாளி என்று காட்டும் குறியீடு எதுவும் எண்ணில் இருக்கக் கூடாது என்றும் சொன்னது. ஜெர்மன் அட்டைக்கு நேர் எதிர் இது. வயதையும் சம்மதத்தையும் யார் பார்ப்பது என்றால், பாலியல் தொழில் நடக்கும் கொல்கத்தா சோனாகாச்சிப் பகுதியில் தொழிலாளிகளின் தர்பார் சங்கத்துச் சுயகட்டுப்பாட்டுக் குழுக்கள் புதிதாக வரும் பெண்ணிடம் 1990-களின் பிற்பகுதியிலிருந்தே இதைச் செய்கின்றன. புதிதாக ஒருத்தி வந்தால் அந்தச் சந்தில் இருப்பவருக்குத்தான் முதலில் தெரியும்.

ஆகவே முதலில் திருத்த வேண்டியது சட்டத்தின் 2-ஆம் பிரிவில் விடுதி என்பதற்கான வரையறை. வேறொருவரின் லாபத்துக்காக நடத்தும் இடம் மட்டுமல்ல, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பாலியல் தொழிலாளிகளின் பரஸ்பர லாபத்துக்காக இருக்கும் இடமும் விடுதிதான் என்கிறது அது. அந்தப் பிற்பாதியை நீக்கினால் வாடகையைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு பெண்கள் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கலாம், ரெய்டில் இருவரும் விடுதி நடத்தியதாக வழக்கு விழாது. புதிய அலுவலகம், பதிவேடு, அட்டை எதுவும் இதற்குத் தேவையில்லை. வருமானத்தில் வாழ்வதைக் குற்றமாக்கும் 4-ஆம் பிரிவிலிருந்து பிள்ளைகளையும் பெற்றோரையும் விலக்குவது அடுத்த வேலை. விடுதி நடத்துபவருக்கு லைசென்ஸ் தருவது பற்றிய பேச்சை இந்த இரண்டும் நடந்த பிறகு, தொழிலாளர் சங்கங்களை உட்கார வைத்துத் தொடங்கலாம்.